நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

3 ஜூலை 2025, வியாழன்

காலையிலேயே பேஜாரு. பட்டறை முன்னாடி ரோட்டைத் தோண்டிப் போட்டு வாரக்கணக்கா ஆகுது, மூடறதுக்கு ஆளில்லை. ஸ்பேனரைத் தொட்டா தூசி, டீ கிளாஸைத் தொட்டா தூசி. திண்டிவனத்து மண்ணு பூரா என் தலையிலதான் கொட்டணும்னு எழுதியிருக்கு போல.

அந்தத் தூசிக்குள்ள ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்னுது. இறங்கினது அலெக்ஸ். ஐடிஐயில என்கூட ஒரே பெஞ்சு. அவன் மரக்காணம் பக்கத்துல ஒரு குப்பத்துல மீன் புடிக்கிறான். நான் இங்க டூவீலருக்கும் பம்ப்செட்டுக்கும் காயில் சுத்திக்கினு கெடக்கறேன். வண்டிக்குள்ள கோணி போட்டு மூடி ஒரு படகு மெஷின். பின்பலகையில மாட்டி, ப்ரொப்பெல்லரைத் தண்ணிக்குள்ள விடற ரகம். அவன் மாமனார் வாங்கினது. எங்களுக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே கடல் பார்த்த மெஷின்.

"ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுத்து இழுத்து தோளே கழண்டுடுச்சு மச்சான். போன வாரம் நடுக்கடல்ல நின்னுடுச்சு. இப்ப அடிக்கறது மேல்காத்து. நின்னா கரைக்கு வராது, உள்ளதான் தள்ளிக்கினு போவும்."

மீன் புடிக்கற சாமான் எதையும் நான் தொடறதில்லைன்னு அவனுக்குத் தெரியும். நாங்க நயினார் வீடு, ஜைனருங்க. தெரிஞ்சேதான் வந்திருக்கான்.

"வலையத் தைச்சுக் குடுன்னா கேக்கறேன்? நெருப்புப் பொறிதான கேக்கறேன்" என்றான்.

வாங்கி வெச்சுட்டேன். வீட்டுக்காரி சன்மதிகிட்ட இன்னும் சொல்லல.

4 ஜூலை, வெள்ளி

சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கினேன்.

"தண்ணியை வடிகட்டிக் குடிக்கற வீடுங்க இது. இதுல மீன் செதில் ஒட்டின மெஷினைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்களே!"

"வீட்டுல எங்க வெச்சேன்? பட்டறையிலதான வெச்சேன்?"

"பட்டறை யாருது?"

பொண்டாட்டி கேக்கற கேள்விக்கு என்னிக்கு எனக்கு பதில் இருந்திருக்கு? ஆனா நானும் விடல. மெஷின் கடல்ல நின்னா சாவறது மீனா மனுஷனான்னு கேட்டேன். அவ அடுப்படிக்குள்ள போயிட்டா.

ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சவன் ஏன் மனசு சரியில்லாம இதை எழுதிக்கினு இருக்கான்?

6 ஜூலை, ஞாயிறு

மெஷினைப் பிரிச்சேன். மேல இருக்கற பெரிய மேக்னட் சக்கரத்தைக் கழட்டவே புல்லர் போட்டு முக்க வேண்டியதாச்சு. உள்ள பார்த்தா உப்பு, துரு, எவனோ எப்பவோ போட்ட டேப். பொறியை விட்டு விட்டு வெக்கற பிளாட்டினம் பாயிண்ட் ரெண்டும் கருகி, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு. கண்டென்சர் செத்தே போச்சு. பிளக்கைக் கழட்டி கயிறு இழுத்துப் பார்த்தேன். பொறி வருது. ஆனா மஞ்சளா, சோம்பேறித்தனமா வருது. நீலமா, சடக்குன்னு வரணும். இந்தப் பொறியை நம்பி கடலுக்குப் போயிருக்கானே, என்ன தைரியம்டா உனக்கு!

பழசை மறுபடி பழசாக்கிக் குடுக்கறதுல அர்த்தமில்லை. பிளாட்டினத்தைத் தூக்கிப் போட்டுட்டு பைக்குல வர்ற சிடிஐன்னு எலக்ட்ரானிக் டப்பா வெச்சுடலாம். தேயறதுக்கு அதுல ஒண்ணுமில்லை. காயில் நானே சுத்துவேன். பொறிக்கு நேரம் சொல்ற பிக்கப் காயில் உக்கார ஒரு பிளேட்டு மட்டும் கடைசல்ல புடிக்கணும்.

சொன்னா நம்ப மாட்டாங்க, ரொம்ப நாளைக்கப்புறம் வேலை செய்யறப்ப விசில் அடிச்சேன்.

9 ஜூலை, புதன்

விழுப்புரம் போய் லேத் கடையில பிளேட்டு கடைஞ்சு வாங்கினேன். அப்படியே ஹாஸ்டல்ல ஹர்ஷினியைப் பார்த்தேன். பொண்ணு இளைச்சிருக்கா. கேட்டா, "அப்பா, எப்ப பாத்தாலும் இதையே சொல்லுங்க" என்றாள். நான் கேட்டிருந்த சிவப்பு நெய்ல் பாலிஷை ஞாபகமா வாங்கி வெச்சிருந்தா. பழைய பாட்டில் காஞ்சு போச்சு.

இது என் வழக்கம். நட்டை டார்க் ரென்ச் போட்டு, அளவு வந்து டக்குன்னு சொல்ற வரைக்கும் முறுக்கி முடிச்சதும் நட்டு மேலயும் பக்கத்து இரும்பு மேலயும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன். கோடு இருந்தா முறுக்கியாச்சுன்னு அர்த்தம். பின்னாடி நட்டு நகர்ந்தா கோடு உடைஞ்சு காட்டிக் குடுக்கும். பக்கத்து பஞ்சர் கடை பச்சைமுத்துண்ணன் சிரிப்பாரு: "நயினாரு நட்டுக்குப் பொட்டு வெக்கறாருய்யா."

சிரிக்கட்டும். இந்த மெஷினுக்கு அந்த ஒரு நட்டுதான் உயிர். மேக்னட் சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவுல பிறை மாதிரி ஒரு சின்ன கீ இருக்கு. நட்டு லூசா இருந்தா சக்கரம் ஆடும், கீ அறுபடும். பொறி தப்பான நேரத்துல விழும். அப்போ மெஷின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கயிறு புடிச்சவன் கை அவ்வளவுதான்.

13 ஜூலை, ஞாயிறு

மரக்காணம் போய் படகைப் பார்த்தேன். நின்னு போறதுக்கு பொறி மட்டும் காரணமில்லை. மாமனார் காலத்து மரப்படகுக்காக பின்பலகை மேல அடிச்ச கட்டையை இந்த ஃபைபர் படகுலயும் அப்படியே அடிச்சு வெச்சிருக்கான். மெஷினை மாட்டினா உசரமா தொங்கும். அலை ஏறி இறங்கறப்ப ப்ரொப்பெல்லர் தண்ணியை விட்டு காத்தைக் குடிக்கும். கட்டையை எடுக்கச் சொன்னேன்.

"மாமனார் வெச்சது மச்சான்..."

"மாமனார் போட்டோவை மாட்டு. கட்டையைக் கழட்டு."

அவன் பொண்டாட்டி அமலா விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்குன்னு தனியா புதுப் பாத்திரத்துல மோர் கலந்து வெச்சிருந்துச்சு. "இதுல மீன் படல அண்ணே, நேத்துதான் வாங்கினேன்" என்றது. அந்த மோரை ஒரு சொட்டு விடாம குடிச்சேன்.

16 ஜூலை, புதன்

காயில் சுத்தினேன். பாதியில கம்பி அறுந்துச்சு. மொத்தமும் பிரிச்சு மறுபடி. கழுத.

18 ஜூலை, வெள்ளி

நீலம்! நீலமா வருது பொறி. சடக் சடக்குன்னு பட்டறையே கேக்குது. டைமிங் இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும். இது முடியற வரைக்கும் வேற மெஷின் எதையும் தொடறதில்லை. அலெக்ஸ் தினம் போன் பண்றான். "ஜல்தி மச்சான், மீன் ஓடுற நேரம்." என்ன மீனுன்னும் சொன்னான். நான் காதுல வாங்கல.

21 ஜூலை, திங்கள்

என்ன நாளு இன்னிக்கு!

சாயங்காலம் வரைக்கும் டைமிங்கோட மல்லுக்கட்டினேன். சக்கரத்தைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, கடைசியில குறி நேரா வந்து நின்னுது. அதுக்குள்ள பச்சைமுத்துண்ணன் பஞ்சர் கடையிலேர்ந்து குரல் குடுத்தாரு, "நயினாரே, பொழுதாவுது!" இருட்டினா நாங்க சாப்பிடறதில்லை. அண்ணன்தான் எனக்குக் கடிகாரம். மத்தியானமும் சரியா சாப்பிடல, வயிறு கபகபன்னு எரிஞ்சுது. தூசி உள்ள போவக் கூடாதுன்னு மெஷின் மேல மூடியைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடினேன்.

சாப்பிட்டதும் அசந்து சாஞ்சுட்டேன், எழுப்பினது போன்தான். அலெக்ஸ் வந்து மெஷினை ஏத்திக்கினு போயே போயிட்டானாம். மூடி போட்டு ரெடியா இருந்துச்சேன்னு அண்ணன் தூக்கிக் குடுத்திருக்காரு. குப்பத்துல டிரம்மு தண்ணியில வெச்சு இழுத்துப் பார்த்தானாம்.

"ஒரே இழுப்பு மச்சான்! ஒரே இழுப்பு! அமலா கூட இழுத்துப் பார்த்துச்சு!"

போனுக்குள்ள மெஷின் சத்தம் கேட்டுது. தடுமாறாம, இருமாம, அப்படி ஒரு சத்தம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சன்மதி பார்த்துட்டு, "மீன் மெஷினுக்கா அழறீங்க?" என்றாள். ஆனா திட்டல.

விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போறானாம்.

22 ஜூலை, செவ்வாய்

மரக்காணம் கரை. கையில பில் புக்தான் இருக்கு, அதுக்குப் பின்னாடி எழுதறேன். சும்மா உக்கார முடியல.

காலையில ஒரு பம்ப்செட்டுக்கு நட்டு முறுக்கிட்டு, கோடு போட நெய்ல் பாலிஷை எடுத்தேன். ஹர்ஷினி குடுத்த புது பாட்டில். மூடி மேல பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கு. பிரிக்கவே இல்லை.

பிரிக்கவே இல்லை.

அப்போ அலெக்ஸ் மெஷினுக்கு எதை வெச்சு கோடு போட்டேன்?

போடல. கோடு போடலன்னா நட்டு முறுக்கல. கையால திருகி வெச்சேன். சாப்பிட்டு வந்து ரென்ச் போடலாம்னு நெனச்சேன். மூடியைப் போட்டேன். ஓடினேன். அப்புறம் ஒரே இழுப்பு, ஒரே இழுப்புன்னு அவன் கத்தினதுல எல்லாம் மறந்தேன். அட பாவி நேமிராஜ், என்ன வேலைடா செஞ்சே.

போன் பண்ணினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பச்சைமுத்துண்ணன் வந்து, "நான்தான தூக்கிக் குடுத்தேன் நயினாரே" என்றாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு அவருக்கு. மூடியைப் போட்டது யாரு? நான். பைக்கை எடுத்துக்கினு வந்துட்டேன். வழி பூரா எதுக்கு இவ்வளவு லாரி விடறாங்க.

அமலா கரையில கூடை கழுவிக்கினு இருந்துச்சு. சுத்தி வளைக்கல. "நட்டு முறுக்காம குடுத்துட்டேம்மா. மெஷின் நின்னுடும். கையை உதைச்சுடும். யாரையாவது அனுப்பணும்."

அது என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. "என் தம்பியும் கூட போயிருக்கான்" என்றது. அவ்வளவுதான். கூடையை அப்படியே போட்டுட்டு ஊர்ப் பெரியவங்ககிட்ட ஓடுச்சு.

ரெண்டு படகு தேடப் போயிருக்கு.

—

திரும்பி வர்ற படகையெல்லாம் நிறுத்திக் கேக்கறோம். யாரும் பார்க்கல. காத்து முதுகுல அடிக்குது. கரையிலேர்ந்து கடலுக்கு. என் சட்டையே அந்தப் பக்கமாத்தான் பறக்குது.

வழக்கமா இந்நேரத்துக்கு வந்துடுவானாம்.

—

வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. யாரோ ஒரு பொம்பள எனக்கு டீ குடுத்துச்சு. அமலா திரும்பிக் கூடப் பார்க்கல. பார்க்க வேணாம்.

சன்மதி போன் பண்ணினா. "சாப்ட்டீங்களா?" பசிக்கல. பசியே இல்லை. நேத்து மட்டும் எப்படிடா பசிச்சுது உனக்கு?

சாவறது மீனா மனுஷனான்னு கேட்டேனே அவகிட்ட. பெரிய இவன் மாதிரி.

—

தூரத்துல ரெண்டு படகு. ஒண்ணை ஒண்ணு கயிறு கட்டி இழுத்துக்கினு வருது. பின்னாடி வர்றது நீலப் படகு. அலெக்ஸோடது நீலம்தான். எத்தனை ஆளுன்னு தெரியல. எத்தனை ஆளு. எத்தனை ஆளு.

ரெண்டு. ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க.

23 ஜூலை, புதன்

நேத்து வீட்டுக்கு வந்து விழுந்தவன்தான். இப்பத்தான் எழுத முடியுது.

போறப்ப நல்லாத்தான் ஓடியிருக்கு. வலையை விட்டுட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுத்திருக்கான். மெஷின் எதிர்ப்பக்கம் உதைச்சிருக்கு. வலது மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. அமலா தம்பி நங்கூரம் போட்டிருக்கான், கயிறு தரைக்கு எட்டல. காத்து உள்ள தள்ளிக்கினே போயிருக்கு. தம்பி சட்டையைக் கழட்டி துடுப்புல கட்டி ஆட்டினதை, தேடப் போன படகு பார்த்திருக்கு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா அதுவும் தெரிஞ்சிருக்காதாம்.

கரையில இறங்கினப்ப கையை லுங்கித் துணியில சுத்தியிருந்தான். உதடு காஞ்சு உப்பு பூத்திருந்துச்சு. யாரோ அதுக்குள்ள விஷயத்தைச் சொல்லிட்டாங்க. நேரா என்கிட்ட வந்தான்.

"ஏன் மச்சான் முறுக்கல?"

"பொழுது போயிடும்னு சாப்பிடப் போனேன். வந்து முறுக்கலாம்னு..."

"சோத்துக்கா?"

அடிச்சிருந்தா தேவலை.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். வாசல்லயே அமலா நிறுத்திடுச்சு. "நீங்க போங்க அண்ணே." அண்ணேன்னு சொன்னதுதான் இன்னும் உறுத்துது.

26 ஜூலை, சனி

மனசு ஆறல. சன்மதிகிட்ட கத்தினேன். "எல்லாம் இந்த விரதத்தால வந்தது! பொழுதோட சாப்பிடணும், பொழுதோட சாப்பிடணும்னு சின்ன வயசுலேர்ந்து ஓட ஓட வெரட்டி வெச்சிருக்காங்க. இல்லன்னா அந்த நட்டை முறுக்கிட்டுத்தான வந்திருப்பேன்?"

அவ கேப்பை மாவு சலிச்சுக்கினு இருந்தா. சல்லடையைக் கீழ வெச்சா.

"இருட்டினா சாப்பிடாதன்னுதாங்க விரதம். சாப்ட்டே ஆகணும்னு எங்க சொல்லியிருக்கு? ஒரு வேளை பட்டினி கெடந்தா விரதம் கெட்டா போவும்?"

வருஷத்துல எத்தனை நாள் முழுப்பட்டினி கெடக்கறவ அவ. சத்தமாக் கூடச் சொல்லல. மறுபடி சல்லடையை எடுத்துக்கினா.

விரதம் ஓட வெக்கல என்னை. வயிறு ஓட வெச்சுது. அதுக்கு சாமி பேரை வெச்சுக்கினேன். தூ.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மரக்காணம் போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள டிவி ஓடற சத்தம் கேட்டுது. பழம் வாங்கினதைத் திண்ணையில்லாத வாசப்படியிலயே வெச்சுட்டு வந்தேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அலெக்ஸ் மெஷினை பாண்டிச்சேரி பக்கம் ஒரு மெக்கானிக் பார்க்கறாராம், பச்சைமுத்துண்ணன் கேள்விப்பட்டாராம். சிடிஐயை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு மறுபடி பிளாட்டினம் வெக்கப் போறாராம். நல்லது. யார் செஞ்சா என்ன? ஓடினா சரி.

யார் செஞ்சா என்னவாம். பொய். நெஞ்சு எரியுது. அந்தக் காயில் ஒழுங்கானது. அந்தப் பொறி ஒழுங்கானது. தப்பு கையில இருந்துச்சு.

4 செப்டம்பர், வியாழன்

இப்பல்லாம் சைக்கிள் நட்டுக்குக் கூட கோடு போடறேன். வர்றவங்க ஒரு மாதிரி பார்க்கறாங்க.

19 செப்டம்பர், வெள்ளி

சாயங்காலம் நாலு மணிக்கு மேல இருக்கும். குட்டி யானை வந்து நின்னுது.

அலெக்ஸ் இறங்கினான். மணிக்கட்டு மெலிஞ்சு, தோல் வெளுத்து, யாரோ வேற ஆளு கை மாதிரி இருந்துச்சு. பின்னாடி கோணி போட்டு மூடின மெஷின். நானும் பச்சைமுத்துண்ணனும் இறக்கினோம்.

"பாண்டிக்காரரு வேணாம்னுட்டாரு. உள்ள இருக்கற வேலை சுத்தமா இருக்கு, இதை நான் கலைக்க மாட்டேன், போட்டவர்கிட்டயே கொண்டு போன்னாரு" என்றான் அலெக்ஸ். அப்புறம் ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு நேரா போட்டு உக்காந்துக்கினான். "செய்யி. நான் பார்க்கறேன்."

அவன் சாயங்காலமாப் பார்த்து ஏன் வந்தான்னு எனக்குப் புரிஞ்சுது.

மூடியைத் திறந்தேன். கீ அறுந்து பாதி உள்ளயே சிக்கியிருந்துச்சு. எடுத்தேன். தண்டுலயும் சக்கரத்துலயும் சிராய்ப்பு. வால்வு பேஸ்ட் தடவி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பதியற வரைக்கும் கையாலயே தேய்ச்சேன். புது கீ போட்டேன். சக்கரம் மாட்டி டைமிங் குறி பார்த்தேன். மயிரிழை தள்ளியிருந்துச்சு. கழட்டினேன். மறுபடி.

"நயினாரே, பொழுதாவுது..." பச்சைமுத்துண்ணன் குரல் பாதியிலேயே நின்னுடுச்சு.

நான் நிமிரல. வீட்டுலேர்ந்து போன் அடிச்சுது, எடுக்கல. வெளியில வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, தெருவிளக்கு எரிஞ்சுது. வயிறு எரிஞ்சுது. எரியட்டும் சனியன்.

குறி நேரா நின்னுது. நட்டைக் கையால திருகினேன். அலெக்ஸ் ஸ்டூல்லேர்ந்து எழுந்துட்டான். டார்க் ரென்ச்சை மாட்டி இழுத்தேன். டக். இன்னொரு தடவை. டக். அவன் கிட்ட வந்து இடது கையால ரென்ச்சைப் புடிச்சு, தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். டக்.

நெய்ல் பாலிஷை எடுத்து அவன்கிட்ட நீட்டினேன். வலது கையால வாங்கினான். விரல் சரியா மடங்கல, பிரஷ் ஆடுது. நட்டு மேல ஆரம்பிச்சு சக்கரம் வரைக்கும் இழுத்தான். கோடு கோணல்மாணல். நான் திருத்தல.

"சோறு?" என்றான்.

"இருட்டிடுச்சே. இன்னிக்கு இல்லை."

மூடியை அவனே எடுத்துப் போட்டான். "விடியக் காலையில தம்பிகூடப் போறேன் மச்சான். கயிறு அவன் இழுப்பான்."

20 செப்டம்பர், சனி

விடிஞ்சதும் சன்மதி இட்லி வெச்சா. தட்டைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தேன். அவ தட்டை மூடி வெச்சுட்டு பக்கத்துல உக்காந்தா. அவளும் சாப்பிடல. பச்சைமுத்துண்ணன் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாரு.

வெயில் நல்லா ஏறினப்புறம் போன் அடிச்சுது. நம்பர் அமலாவோடது.

"கரைக்கு வந்துட்டாங்க அண்ணே."

அப்புறம் சாப்பிட்டோம்.